நெடுங்கோடு வழி கேட்ட நாள்

உலக வரைபடத்தைக் கண்ணை மூடிக்கொண்டு வரையக்கூடியவர்கள் பூமியில் சில ஆயிரம் பேராவது இருப்பார்கள். வரைந்து முடித்த அதே கையோடு, களுவாஞ்சிக்குடிச் சந்தையின் முன்வாசலால் நுழைந்து பின்வாசலால் வெளியேறத் தெரியாமல் தொலைந்துபோகக்கூடியவர் ஒரே ஒருவர்தான். அந்த ஒருவரோடு ஓர் அறுவடைக்காலம் முழுவதும் ஒரே கூரையின் கீழ் வேலை செய்யும் பேறு எனக்கு வாய்த்தது.

அவளுக்கு நாங்கள் வைத்த பெயர் நெடுங்கோடு. அந்தப் பெயரைத் தவிர அவளிடம் நெடியது எதுவுமில்லை. ஐந்தடிக்கும் சற்றுக் குறைவு. ஸ்கூட்டியில் ஏறி அமர்ந்தால், தூரத்திலிருந்து பார்ப்பவர்களுக்கு ஒரு தலைக்கவசம் தன்பாட்டில் தெருவில் போய்க்கொண்டிருப்பதுபோல் தோன்றும்.

களுவாஞ்சிக்குடிப் பிரதான வீதியில், ஒரு மருந்துக்கடைக்கும் ஒரு சலூனுக்கும் நடுவே ஹாஜியாரின் பார்சல் ஏஜென்சி இருந்தது. ஹாஜியார் காத்தான்குடிக்காரர். துணிக்கடை, செருப்புக்கடை எல்லாம் நடத்திப் பார்த்துவிட்டு, "இனிச் சனம் கடைக்கு வராது, கடைதான் சனத்திட்டப் போகோணும்" என்று ஞானம் பெற்றுப் பார்சலுக்கு வந்தவர். கொழும்பிலிருந்து லொறியில் வந்திறங்கும் பொதிகளை ஊர்வாரியாகப் பிரித்து அடுக்குவதும், "எண்ட சாமான் எங்க?" என்று தொலைபேசியில் கேட்பவர்களிடம் திட்டு வாங்குவதும் என் வேலை. இரண்டாவது வேலைக்குத்தான் எனக்குச் சம்பளம் என்பார் ஹாஜியார்.

எங்கள் மட்டக்களப்பு வாவியின் கிழக்குக் கரை எழுவான்கரை; மேற்குக் கரை படுவான்கரை. இரண்டுக்கும் நடுவே ஆட்களையும் மோட்டார் சைக்கிள்களையும் சில வேளை மாடுகளையும் ஏற்றிக்கொண்டு மிதந்துபோகும் தட்டையான படகுக்கு இங்கே 'பாதை' என்று பெயர். பட்டதாரிகள் பற்றிய ஹாஜியாரின் கொள்கை இந்தப் பாதையிலிருந்து பிறந்தது.

"கெம்பஸ் முடிச்ச புள்ளயள் நம்மட்ட வேலைக்கு வாறது, துறையில நிண்டு பாதை பாக்கிற மாதிரித் தம்பி. கவுண்மேந்து நியமனம் எண்ட பாதை வந்தா, நம்மளத் திரும்பியும் பாக்காம ஏறிப் போயிருவாங்க."

ஆகவே பட்டதாரி என்றால் அவர் எடுப்பதில்லை. ஆனால் எங்களிடம் பார்சல் கொடுத்துத் திரிந்தவன் திடீரென்று கட்டாருக்குப் பறந்துவிட்டான். அறுவடை நேரம் வேறு. பொதிகள் கூரையை முட்டிக்கொண்டிருந்தன. அப்போதுதான், சான்றிதழ்களால் வீங்கிப்போன ஒரு கோப்பை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு இவள் வாசலில் வந்து நின்றாள்.

"என்ன படிச்ச மகள்?"

"ஜியோகிரபி ஸ்பெஷல், சேர். பெர்ஸ்ட் கிளாஸ்."

"ஸ்கூட்டி ஓடத் தெரியுமா?"

"லைசன் இரிக்கு சேர். ரோட்டுச் சைன் சோதினையில ஒரு கேள்வியும் பிழைக்கல்ல."

"நான் கேட்டது ஓடத் தெரியுமா எண்டு."

அவள் கொஞ்சம் யோசித்தாள். பொய் சொல்லத் தெரியாத முகம். "கொள்கையளவில் தெரியும் சேர்" என்றாள், புத்தகத் தமிழில்.

நான் மேசைக்குக் கீழே விழுந்த பேனையைத் தேடுவதுபோல் குனிந்துகொண்டேன். ஹாஜியார் குனியவில்லை. அவள் ஆய்வு செய்தது எதைப் பற்றி என்று கேட்டார். மட்டக்களப்பு வாவியின் கரை எப்படி மாறி வந்திருக்கிறது என்பதைப் பற்றி என்றாள். ஹாஜியாரின் முகம் மலர்ந்தது.

"பாத்தியா தம்பி? வாவிக்கரையப் படிச்ச புள்ள. வாவிக்கரையில பார்சல் குடுக்க ஏலாதா?"

நியாயம் சரியாகத்தான் இருந்தது. நியாயம் மட்டும்தான் இருந்தது.

"அறுவடை முடியும்வரைக்கும் பாப்பம் மகள். சரி எண்டா வேலை. இல்லாட்டி, மனஸ்தாபம் இல்லாமப் போயிரோணும்."

அன்றைக்கே அவள் என்னிடம் சொன்னாள். பல்கலைக்கழகம் முடித்து நாலு வருடம். நியமனம் கேட்டு வீதியோரத்தில் பந்தல் போட்டு இருந்த கூட்டத்திலும் போய் இருந்து பார்த்துவிட்டாள். கணினிப் பாடநெறி, ஆங்கிலப் பாடநெறி, தலைமைத்துவப் பயிற்சி என்று கோப்பு மட்டும் வளர்ந்தது. தேற்றாத்தீவில் அம்மா கடைசியாகச் சொல்லிவிட்டார்: இதுவும் சரிவராவிட்டால் கொழும்பில் மாமாவின் இரும்புக்கடையில் காசாளர் வேலை.

"நான் இஞ்சதான் இரிக்கோணும் அண்ணன். கொழும்பில வாவி இல்ல."

"அங்கயும் ஒரு வாவி இரிக்கே தங்கச்சி, பஸ்ஸில போகக்குள்ள தெரியுமே."

"அது வாவி இல்ல. ஆரோ மறந்துபோய் விட்டிட்டுப் போன தண்ணி."

அந்த நிமிடமே எனக்கு அவளைப் பிடித்துப்போயிற்று. அடுத்த நாளே அதற்காக வருந்தவும் வேண்டி வந்தது.

முதல் நாள் காலை புறப்பட்டவள் நடுப்பகலில் அலுவலகத்துக்குத் தொலைபேசி எடுத்தாள்.

"அண்ணன், ஆள் இல்லாத இடம் ஒண்டுக்கு வந்திட்டன் போல."

"எங்க நிக்கிறாய்?"

"நெடுங்கோடு எண்பத்தொரு பாகை நாப்பத்தேழு கலை கிழக்கு."

"ஆ?"

"அகலக்கோடும் சொல்லவா?"

"தங்கச்சி, பக்கத்துல கடை கிடை, கோயில் கீயில் ஏதாவது தெரியுதா?"

"ஒரு மாடு நிக்குது."

"மாடு எந்தப் பக்கம் பாத்து நிக்குது?" என்று கேட்டார், ஸ்பீக்கரில் கேட்டுக்கொண்டிருந்த ஹாஜியார்.

"வடகிழக்கு, சேர்."

ஹாஜியார் தொப்பியைக் கழற்றித் தலையைத் தடவினார். பெயர் அப்போது பிறந்தது. மாலைக்குள் சலூன்காரர் வரைக்கும் பரவிவிட்டது.

வழி கேட்டால் தீர்ந்தது. எங்கள் ஊர்களில் விலாசம் என்பதே அதுதான். 'கோயிலடி, வாவிக்கரை வீதி' என்று பொதியில் எழுதியிருக்கும்; கோயில் நாலு இருக்கும்; வீதிகள் எல்லாமே வாவிக்கரைக்குத்தான் போகும். ஒழுங்கை முனையில் ஸ்கூட்டியை நிறுத்தி, "அக்கா, இந்த ஆள் எங்க?" என்று ஒரு குரல் கொடுத்தால் நாலு வேலியிலிருந்து நாலு தலை எழும்பும். கட்டாருக்குப் போனவன் அப்படித்தான் கொடுத்தான். பத்தாம் வகுப்பைத் தாண்டாதவன். அவனுக்கு வாய்தான் வரைபடம்.

நெடுங்கோடு கேட்கவே மாட்டாள். செத்தாலும் கேட்க மாட்டாள். கைத்தொலைபேசியில் ஒரு வரைபடம், பையில் நில அளவைக்காரர்கள் எந்தக் காலத்திலோ வரைந்த இன்னொரு வரைபடம். இரண்டையும் வேலிக்கு வேலி விரித்துப் பிடித்து ஒப்பிட்டுவிட்டு, எனக்குத் தொலைபேசி எடுப்பாள்.

"அண்ணன், மெப் சரி. வீடுதான் பிழையான இடத்துல கட்டியிருக்கு."

ஸ்கூட்டி ஓட்டம் தனிக்கதை. வாகனமே இல்லாத சந்தியிலும் சமிக்ஞை விளக்குப் போட்டு, தலையை இருபக்கமும் திருப்பி, சட்டப்படி எல்லாம் செய்வாள். நிறுத்துவதற்கு மட்டும் பிரேக்கை மறந்து இரண்டு காலாலும் நிலத்தைத் தேய்ப்பாள். பாட்டாச் செருப்பு வாரத்துக்கு ஒன்று தேய்ந்தது. வாவிக்கரை மண்ணைக் கண்டால் இறங்கி அள்ளி முகர்வாள். வெயில் தண்ணீரில் உடைந்து வெள்ளிக்காசாய்ச் சிதறும் அந்தப் பின்மதியங்களில், பொதிகள் ஸ்கூட்டியில் காத்திருக்க, இவள் இடுப்பில் கைவைத்து வாவியைப் பார்த்துக்கொண்டு நிற்பதை எத்தனையோ பேர் கண்டு எங்களுக்குச் சொன்னார்கள். சொன்னவர்களில் பாதிப்பேர் தங்கள் பொதிக்காகக் காத்திருந்தவர்கள்.

ஆரையம்பதியிலிருந்து ஒருவர் தொலைபேசியில் பொரிந்தார்.

"மிக்சி கொண்டு வந்த புள்ள, எங்கட கிணத்த எட்டிப் பாத்திட்டு, இதுல உப்பு ஏறப்போகுது எண்டு சொல்லிட்டுப் போகுது. அவவுக்கென்ன எங்கட கிணத்துல? மிக்சி வாங்கினா கிணத்துக்குச் சாத்திரமும் சேத்துத் தாறீங்களா?"

நான் மன்னிப்புக் கேட்டேன். மூன்று கிழமை கழித்து அதே மனிதர் மறுபடி எடுத்தார். குரலில் ஒரு பணிவு.

"தம்பி, அந்தப் புள்ள சொன்ன மாதிரியே உப்பு ஏறிட்டு. ஆனா எங்கட கிணத்துல இல்ல. பக்கத்து வீட்டில."

ஹாஜியார் மேலே பார்த்தார். "சாத்திரத்தையும் வீடு மாறிக் குடுத்திருக்கா" என்றார்.

எல்லாவற்றுக்கும் சிகரம், வேலிக்காரர் விவகாரம். வாவிக்கரையோரக் கிராமம் ஒன்றில் ஒருவர் தன் தென்னந்தோட்ட வேலியை ஒவ்வொரு கோடையிலும் கொஞ்சம் கொஞ்சமாக வாவிப்பக்கம் நகர்த்திக்கொண்டு வந்தவர். ஊரில் எல்லாருக்கும் தெரிந்த இரகசியம். அவருடைய தொலைபேசிக்கு ஓர் உறையை அவருடைய மகள் கொழும்பிலிருந்து அனுப்பியிருந்தாள். நெடுங்கோடு அதைப் பையில் போட்டுக்கொண்டு போய், பழைய வரைபடத்தை விரித்து வைத்து, அந்த வேலியோரமாக அங்குமிங்கும் நடந்திருக்கிறாள். 'இந்த இடத்தில் தண்ணீர் அல்லவா இருக்க வேண்டும்' என்று அவளுக்கு ஆச்சரியம். வேலிக்குள் நின்ற மனிதர் அவளை நில அளவைக்காரி என்று நினைத்துவிட்டார்.

"ஆரப் பாக்க வந்தீங்க மகள்?"

அவள் அடையாள அட்டையில் உள்ளபடி அவருடைய முழுப்பெயரையும் தலையெழுத்தோடு வாசித்தாள்.

"அப்படி ஒருத்தரும் இஞ்ச இல்ல."

"இதுக்கு முதல் இருந்தவரா?"

"செத்திட்டாரு."

பொதி திரும்பி வந்தது. அதன்மேல் அவள் தன் அழகான கையெழுத்தில் 'பெறுநர் காலமானார்' என்று எழுதியிருந்தாள். கொழும்பு அலுவலகம் மகளுக்கு அறிவித்தது. மகள் வீட்டுக்குத் தொலைபேசி எடுத்துக் கதறினாள். அன்று மாலை காலமானவர் மோட்டார் சைக்கிளில் எங்கள் அலுவலகத்துக்கு வந்து, மேசையில் அடித்துச் சண்டை பிடித்தார். "நீங்கதானே அண்ணன், செத்திட்டார் எண்டு சொன்னீங்க?" என்று இவள் நேர்மையாகக் கேட்டாள். அதற்குப் பதில் ஹாஜியார்தான் சொன்னார்.

"காணும் மகள், போதும்" என்றார். சத்தம் போடவில்லை. ஹாஜியார் சத்தம் போடாவிட்டால்தான் பயப்பட வேண்டும். "இனி ஒரேயொரு பார்சல். அது சரியாப் போய்ச் சேர்ந்தா வேலை. இல்லாட்டி மாமாட கடைக்குப் போ. எனக்கும் உம்மேல இரக்கம்தான், ஆனா இரக்கத்தால பார்சல் போய்ச் சேராது."

அந்த ஒரேயொரு பார்சல் அடுத்த நாள் வந்தது. மண்டூர்ப் பக்கத்து வட்டை ஒன்றில், அதாவது வயல்வெளியில், நெல் வெட்டும் மெசின் பெல்ட் அறுந்து நின்றுவிட்டது. புதிய பெல்ட் எங்கள் கையில். விலாசம்: ச. புவனேந்திரன், மண்டூர். அவ்வளவுதான். அவருடைய தொலைபேசி எட்டவில்லை. வயலுக்குள் சிக்னல் கிடையாது. மேற்கே வானம் கறுத்துக்கொண்டு வந்தது. விளைந்த கதிர்மேல் மழை விழுந்தால் மெசின் இறங்காது. சாய்ந்த நெல் நின்ற இடத்திலேயே முளைத்துவிடும்.

"தம்பி, நீ அவக்குப் பின்னால ஏறு" என்றார் ஹாஜியார். "வழி தெரிஞ்சாலும் நீ வாய் திறக்கப்படா. நீ சொல்லி அவ குடுத்தா, அது உண்ட வேலை, அவட வேலையில்ல. வாய் ஓயாத ஆளுக்குக் கஷ்டம்தான். இண்டைக்கு ஒரு நாள் பொறுத்துக்க."

வழி எனக்குத் தெரியும். என் அண்ணன் மண்டூரில் பெண் எடுத்து அங்கேயே குடியிருப்பவர். அந்த வட்டையின் ஒவ்வொரு மதகிலும் நான் கால் நனைத்திருக்கிறேன்.

குருமண்வெளித் துறையில் பாதை ஏறினோம். கரை விலகியதும் அவள் முகம் மாறியது. தரையில் எங்கே நின்றாலும் பரீட்சை மண்டபத்தில் நிற்பவள்போல் இருப்பவள், தண்ணீருக்கு வந்ததும் தன் வீட்டுக் குசினிக்குள் வந்தவள்போல் ஆகிவிட்டாள். நீர்க்காகங்கள் கம்புகளில் சிறகை விரித்துக் காய்ந்துகொண்டிருந்தன. தண்ணீர் ஈயம்போல் கனத்துக் கிடந்தது.

ஹாஜியாரின் தடை தரைக்கு மட்டுந்தான், தண்ணீருக்கு இல்லை என்று நான் தீர்மானித்துக்கொண்டேன்.

"ஏன் தங்கச்சி நீ ஆரிட்டயும் வழி கேக்கிறல்ல? ஜியோகிரபி படிச்ச ஆள் எண்ட பெருமையா?"

அவள் படகின் விளிம்புப் பக்கம் திரும்பினாள். பிறகு தண்ணீரிடம் சொல்வதுபோல் சொன்னாள்.

"வழி கேட்டா இஞ்ச ஆரும் வழியச் சொல்லமாட்டாங்க அண்ணன். முதல்ல நீ ஆர்ட மகள் எண்டு கேப்பாங்க. மறுகா எந்த ஊர் எண்டு. மறுகா என்ன குடி எண்டு. மறுகா என்ன படிச்சாய் எண்டு. அதுக்கும் பதில் சொன்னா, கடைசியா ஒண்டு வரும். 'கெம்பஸ் முடிச்சிட்டா பார்சல் கொண்டு திரியிறாய்?' அந்த ஒண்டக் கேக்கிறத விட, நான் வெயில்ல நாள் முழுக்கச் சுத்தித் திரியிறது லேசு."

அவள் சொன்னது முழு உண்மை. எங்கள் பக்கத்தில் வழி என்பது இலவசம் அல்ல. அதற்கு உன் வரலாற்றைக் கொடுக்க வேண்டும். யார் பெற்ற பிள்ளை, எந்தக் குடிவழி என்று தெரிந்த பிறகுதான் கை எழும்பித் திசை காட்டும். ஊரை அறியும் ஆசையில் கேட்கும் அந்தக் கேள்விகளைச் சாதாரண ஆள் தேத்தண்ணியோடு விழுங்கிவிடுவான். நாலு வருடம் காத்திருந்த பட்டதாரிக்கு அதில் கடைசிக் கேள்வி முள்.

பாதை மண்டூர்த் துறையில் முட்டியது. என் வாய்க்கு மறுபடி பூட்டு.

முதல் சந்தியில் வலப்பக்கம் போக வேண்டும். அவள் சட்டப்படி விளக்குப் போட்டு இடப்பக்கம் கிறுகினாள். நான் இருமினேன்.

"தடிமனா அண்ணன்? வாவிக் காத்துல ஈரப்பதன் கூட."

இன்னும் பலமாக இருமினேன். அவள் ஸ்கூட்டியை நிறுத்தி, பைக்குள்ளிருந்து இஞ்சி இனிப்பு ஒன்று எடுத்துத் தந்துவிட்டு, பிழையான வழியிலேயே தொடர்ந்தாள். தார் வீதி கிரவல் ஆயிற்று. கிரவல் மண் ஆயிற்று. மண் ஒரு வாய்க்காலின் விளிம்பில் முடிந்தது. மூன்று பக்கமும் பொன்னாய்த் தலைகுனிந்த நெல். நாலாம் பக்கம் நாங்கள் வந்த வழி. இஞ்சி இனிப்பைச் சப்பிக்கொண்டு நான் ஊமையாய் நின்றேன்.

தொலைபேசியைத் தட்டிப் பார்த்தாள். "இந்த மெப் நாம வாவிக்குள்ள நிக்கிறம் எண்டு சொல்லுது." பழைய வரைபடத்தை விரித்தாள். "இதுல இந்த இடம் காடு." பிறகு தலையை நிமிர்த்தி மேற்கைப் பார்த்தாள். அதை வாசிக்க அவளுக்கு எந்தத் தாளும் தேவைப்படவில்லை. "இன்னும் ஒரு மணித்தியாலத்துல மழை" என்றாள். "அந்த ஆள்ட நெல்லு முழுக்கப் போயிரும், என்ன அண்ணன்?"

தன் வேலை போய்விடும் என்று அவள் சொல்லவில்லை. அதை நான் கவனித்தேன்.

அப்போது வரம்புமேல் ஓர் அம்மா வந்தார். தலையில் சோற்றுப் பெட்டி, கையில் தேத்தண்ணிக் கேத்தல். நெடுங்கோடு அவரைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். நான் வானத்தைப் பார்த்தேன். அவள் தலைக்கவசத்தைக் கழற்றினாள். சோதனைக்குப் போகும் பிள்ளைபோல் நெற்றி மயிரை ஒதுக்கிக்கொண்டாள்.

"அக்கா, ஒரு வழி கேக்கோணும்."

"கேளு மனே. நீ ஆர்ட மகள்?"

தொடங்கிவிட்டது. அவள் ஒவ்வொன்றாகச் சொன்னாள். தேற்றாத்தீவு. இன்னாரின் மகள். இன்ன குடி. அம்மா இருக்கிறா, அப்பா இல்லை. என்ன படித்தாய்? கெம்பஸ்.

அந்த அம்மா சோற்றுப் பெட்டியை இறக்கி வைத்தார். மேலிருந்து கீழ்வரை அவளைப் பார்த்தார்.

"கெம்பஸ் முடிச்சிட்டா பார்சல் கொண்டு திரியிறாய்?"

"ஓம் அக்கா" என்றாள் அவள். தலைக்கவசத்தை இடுப்போடு இறுக்கிக்கொண்டாள். "கெம்பஸ் முடிச்சிட்டுத்தான் பார்சல் குடுக்கிறன். இதான் எண்ட வேலை."

"களுவாஞ்சிக்குடி ஆபீஸா?"

"ஓம்."

"அப்ப எண்ட ரைஸ் குக்கர் எங்க?"

நெடுங்கோடு வாயைத் திறந்தபடி நின்றாள்.

"ரெண்டு கிழமையாப் போன் அடிக்கிறன். ஒரு ஆள் 'வந்துகொண்டிருக்கு அம்மா, வந்துகொண்டிருக்கு' எண்டு தேன் ஒழுகக் கதைக்கிறான். குக்கர் என்ன நடந்தா வருது? அந்தக் கட்டயில போவான் எண்ட கையில கிடைச்சானெண்டா..."

நான் நெற்பயிரை மிகுந்த ஈடுபாட்டோடு கவனிக்கத் தொடங்கினேன்.

"அந்த ஆள் இவர்தான் அக்கா" என்றாள் நெடுங்கோடு.

அன்றைக்கு நான் வாய் திறக்கக்கூடாது என்பது ஹாஜியாரின் கட்டளை. ஆனால் அந்த அம்மா என்னைக் கேட்ட கேள்விகளுக்கு ஊமையும் பதில் சொல்லியிருப்பான். நான் கெஞ்சிக்கொண்டிருக்க, பக்கத்தில் ஒரு சத்தம் கேட்டது. நெடுங்கோடு சிரித்துக்கொண்டிருந்தாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வர, வரம்பில் குந்தியிருந்து சிரித்தாள். இத்தனை நாளும் அவள் பயந்து ஒளிந்த கேள்வி வந்து போய்விட்டது. அதைக் கேட்டவருக்கு அவளுடைய பட்டத்தைவிடச் சோற்றுப்பானை முக்கியமாக இருந்தது.

"நாளைக்கு உங்கட குக்கர நானே கொண்டு வாறன் அக்கா. இப்ப புவனேந்திரன் எங்க?"

"புவனேந்திரனா? அப்படி ஒருத்தரும் இந்த வட்டைக்குள்ள இல்லயே."

"மெசினுக்குப் பெல்ட் கொண்டு வந்த நான்."

"அட, நம்மட கெப்டன்! அதச் சொல்லன் மனே. வந்த வழியே போய், மருதமரத்தடியில கிறுகி, மதகுக்கு அங்கால போ. அங்க ஒருத்தர் மாடு குளிப்பாட்டுவாரு. அவரிட்டக் கேளு."

எங்கள் ஊர் வழிகாட்டல் எல்லாமே இப்படித்தான், இன்னொருவரிடம் கேள் என்று முடியும். மாடு குளிப்பாட்டியவர் ஆர்ட மகள் என்று கேட்டார். மதகடியில் தூண்டில் போட்டவர் கேட்டார். வாடிக் குடிசைக்குள் படுத்திருந்த காவல்காரர் எழும்பி வந்து கேட்டார். காவல்காரருக்கு அடுத்த ஆளை நெருங்கும்போது நெடுங்கோடு ஸ்கூட்டியை நிறுத்தவுமில்லை. காலால் தேய்த்துக்கொண்டே ஒரே மூச்சில் கத்தினாள்:

"தேற்றாத்தீவு, அப்பா இல்ல, கெம்பஸ் முடிச்சிட்டன், கலியாணம் முடிக்கல்ல, பார்சல் வேலை, கெப்டன்ட மெசின் எங்க நிக்குது?"

அந்த மனிதருக்குக் கேட்க ஒன்றும் மிஞ்சவில்லை. கையை நீட்டித் திசை காட்டினார்.

மெசின் வயல் நடுவே களைத்த யானைபோல் நின்றது. கெப்டன் அதற்குக் கீழே கிடந்தார். இரண்டு கால் மட்டும் வெளியே தெரிந்தது. பெல்ட்டைக் கண்டதும் உருண்டு வெளியே வந்து, அவள் கையிலிருந்து பிடுங்காத குறையாக வாங்கினார். எண்ணெய்க் கைகள், திட்டுகள், ஒரு தட்டு, இரண்டு தட்டு. மெசின் இருமியது; என்னைவிட நன்றாக இருமியது. பிறகு உறுமிக்கொண்டு புறப்பட்டது. கொக்குகள் வெள்ளைத் துணிபோல் உதறி எழும்பின. தூசியும் வைக்கோல் மணமும் எங்கள்மேல் கொட்டின. கடைசி வரிசை வெட்டி முடியவும் முதல் துளி விழவும் சரியாக இருந்தது. அவள் சொன்ன அதே நேரம். எல்லோரும் வாடியை நோக்கி ஓடினோம். கெப்டன் தேத்தண்ணி ஊற்றி நீட்டினார்.

"நல்ல காரியம் செஞ்சீங்க மகள். நீங்க ஆர்ட..."

"சொல்றன் அண்ணன், சொல்றன்" என்றாள் நெடுங்கோடு.

நாங்கள் நனைந்த கோழிகளாய்த் திரும்பியபோது ஹாஜியார் கடைவாசலில் நின்றுகொண்டிருந்தார். அவளைப் பார்க்காமல் என்னைக் கேட்டார்.

"கேட்டாளா?"

"கேட்டா ஹாஜியார்."

"எத்தின பேரிட்ட?"

"வட்டையில மிச்சம் ஆரும் இல்ல."

"நீ வாய் திறந்தாயா?"

"திறந்த நான். ஆனா வழிக்கில்ல, ரைஸ் குக்கருக்கு."

ஹாஜியார் முழுக் கதையையும் கேட்டு, நாற்காலியில் சாய்ந்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். பிறகு அவள் பக்கம் திரும்பினார். "அல்ஹம்துலில்லாஹ். வேலை உனக்குத்தான் மகள். நாளைக்குக் காலையில வா. சந்தைக்குள்ளால வராத, ரோட்டால வா."

அவள் அந்த இடத்திலேயே தொலைபேசியை எடுத்தாள். "அம்மா, மாமாட்டச் சொல்லுங்க, நான் வரல்ல எண்டு." சுவர்ப்பக்கம் திரும்பி நின்றுகொண்டாள். நான் பசைநாடாவைத் தேட, ஹாஜியார் ஏற்கெனவே பூட்டியிருந்த மேசை லாச்சியை மறுபடி பூட்டினார்.

அதன்பிறகு வந்தது வேறொரு வியாதி. கேட்காதவள் கேட்கத் தொடங்கினால் நிறுத்த முடியுமா? தெரிந்த வீட்டுக்கும் வழி கேட்டாள். ஒரு பொதி கொடுக்க மூன்று வீட்டில் தேத்தண்ணி. திரும்பி வரும்போது ஸ்கூட்டியில் முருங்கைக்காயும் மாங்காயும் தொங்கும். யாருடைய கிணற்றில் எப்போது உப்பேறும் என்று கேட்டு இப்போது அவர்களே தொலைபேசி எடுத்தார்கள். அவளுடைய பட்டத்துக்குக் கிடைத்த முதல் வாடிக்கையாளர்கள் அவர்கள்தான். பிரேக் பிடிக்க மட்டும் இன்றுவரை பழகவில்லை.

ஓரிடத்தில் நிற்கத் தெரியாத கால்கள் எனக்கு. நான் அந்த வேலையை விட்டுச் சில காலமாயிற்று. அரச நியமனம் வரப்போகிறது என்று இடைக்கிடை ஊரில் கதை எழும்பும்போதெல்லாம் நான் அவளிடம் கேட்பேன், வந்தால் போவாயா என்று. "வரட்டும் அண்ணன். எந்த ஊர் எண்டு பாத்து, வாவி இரிக்கா எண்டு கேட்டுத்தான் போவன்" என்பாள்.

நேற்றும் எங்கள் ஒழுங்கை முனையில் செருப்புத் தேயும் அந்தச் சத்தம் கேட்டது. பக்கத்து வீட்டுக்காரர்களோடு அவள் நலம் விசாரித்து முடிய அரைமணி ஆகும் என்று தெரிந்து, என் மனைவி அடுப்பில் தண்ணீரை வைத்துவிட்டு என்னை முறைத்தாள்.

"மறுகாவும் குடையா ஓடர் பண்ணின நீங்க? இந்த வீட்டில ஆருக்கு இன்னொரு குடை?"

ஒருவருக்கும் தேவையில்லைதான். வீட்டில் ஏற்கெனவே மூன்று குடைகள் இருக்கின்றன. மூன்றையும் நெடுங்கோடுதான் கொண்டுவந்து தந்தாள்.